டயலில் 59, துளையில் 14.95: மினி லேத்தோடு ஐந்து வருடம்

போன வாரம் என் மினி லேத்தின் (உலோகத்தைக் கடையும் சின்ன இயந்திரம்) ஹெட்ஸ்டாக்கை, அதாவது சுழலும் பகுதி இருக்கும் தலைப்பெட்டியை, திறந்து உடைந்த கியரை மாற்றிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கிரீஸ். அந்த நேரம் பார்த்து, என்னோடு 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடும் தம்பி ஒருவன் செய்தி அனுப்பியிருந்தான்: "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அதே மினி லேத்தை வாங்கலாமா? கன்னம் வைக்கிற சீக்பீஸோட தண்டு, பேரல்ல மாட்டுற எடை எல்லாம் நானே செஞ்சுக்கலாம்னு பாக்கறேன்." கியர் பல்லைப் பொறுக்கிக்கொண்டிருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது!

முதலில் அந்தக் கியர் கதையை முடித்துவிடுகிறேன். வெட்டிப் பிரிக்கும் பார்ட்டிங் டூல் ஸ்டீல் தண்டில் சிக்கியது, தண்டைக் கவ்விச் சுழலும் சக் நின்றது, உள்ளே நான்கு பற்கள் உதிர்ந்தன. பிளாஸ்டிக் கியர் என்று எல்லோரும் திட்டுவார்கள். நான் திட்டவில்லை. அது உடைந்ததால்தான் மோட்டாரும் அதன் போர்டும் பிழைத்தன. இப்போது உலோகக் கியர் போட்டிருக்கிறேன். அடுத்த முறை எது உடையும் என்று பார்ப்போம்.

என் கோபமெல்லாம் கிராஸ் ஸ்லைடு டயல் மேல்தான், வெட்டும் டூலைக் குறுக்கே நகர்த்தும் கைப்பிடியில் அளவு காட்டும் வளையம் அது. ஐந்து வருடமாக அதே கோபம்.

டயலில் 40 கோடுகள். ஒரு கோடு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று பக்கத்திலேயே பொறித்திருக்கிறார்கள். அப்படியானால் ஒரு முழுச் சுற்றுக்கு 0.040 அங்குலம் நகர வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் ஸ்க்ரூவின் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு அது நகர்த்தும் தூரம், 1 மில்லிமீட்டர். அதாவது 0.03937 அங்குலம். மில்லி ஸ்க்ரூவுக்கு அங்குல டயலை மாட்டி அனுப்பிவிட்டார்கள். 25 சுற்று சுற்றினால் டயல் ஓர் அங்குலம் என்கிறது. உண்மையில் ஸ்லைடு போயிருப்பது 25 மில்லிதான், 0.4 மில்லி பாக்கி. இந்த வகை லேத் பலவற்றில் இதே சங்கதிதான். டயல் இண்டிகேட்டர் (நகர்வை அளக்கும் முள் கருவி) ஒன்றை நிறுத்தி ஐந்து சுற்று சுற்றிப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். நான் சுற்றிப் பார்க்கவில்லை, நம்பினேன்.

முதல் வருடம் துப்பாக்கிக் குழலைச் சுற்றியிருக்கும் பேரல் உறைக்கு ஒரு பித்தளை எடை கடைந்தேன். வெளி விட்டம் 30, நீளம் 20, நடுவில் 15 மில்லி துளை. தொண்ணூறு கிராம் வரும். முனைப்பக்கம் கொஞ்சம் கனம் கூடினால் துப்பாக்கி அலைவது குறையும் என்று எண்ணம். உறையை அளந்தேன், 14.98 இருந்தது. 12 மில்லி டிரில் விட்டு, மீதியை, துளையை உள்ளிருந்து பெரிதாக்கும் போரிங் பாரில் எடுக்கத் தொடங்கினேன். 15 வர ஒரு பக்கத்துக்கு இன்னும் 1.5 மில்லி போக வேண்டும், அங்குலத்தில் 0.059, ஆக டயலில் 59 கோடு. ஒரு கோடு உண்மையில் 0.025 மில்லி என்பதால் போனது 1.475 மட்டும். துளை 14.95. பாதி வரை நுழைந்து நின்றது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். தள்ளினேன். திருகிக் கழற்றியபோது உறை நெடுக ஒரு கீறல், இன்றைக்கும் இருக்கிறது. துளையை மறுபடி அளக்காதது என் சோம்பல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு எரிச்சல் அதில் இல்லை. அங்குலத்துக்கு மாற்றாமல் நேராக மில்லியிலேயே நினைத்திருந்தால் 60 கோடு, கணக்கு அச்சாக வந்திருக்கும். நல்ல மில்லி மெஷின் ஒன்றை வாங்கி, அதன் முகத்தில் பொய்யை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள்!

டயல் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி "1 கோடு = 25 மைக்ரான்" என்று எழுதி வைத்தேன். எண்ணெய் பட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உரிந்துவிடும். மறுபடி எழுதுவேன். எழுதும்போதெல்லாம் திட்டுவேன்.

சரி, இவ்வளவு திட்டுகிறவன் ஏன் இன்னும் வைத்திருக்கிறான்? அந்த சீக்பீஸ் தண்டுக்காக. துப்பாக்கியோடு வந்த தண்டு கவ்வும் இடத்தில் மிக லேசான ஆட்டம். கன்னத்தை வைத்தால் அரை மில்லி இறங்கும், குறிபார்க்கும் பின் சைட்டின் துளைக்குப் பின்னால் கண்ணும் இறங்கும். இலக்கின் நடுவிலிருக்கும் பத்து மதிப்பெண் புள்ளியே 0.5 மில்லி அகலம்தான். சைட் திருகின் கிளிக்கால் நிலையான பிழையைச் சரிசெய்யலாம், ஆட்டத்தைச் செய்ய முடியாது. 10 மில்லி ஸ்டீல் தண்டு ஒன்றைக் கடைந்து, பழைய முட்டு ஸ்க்ரூவுக்குப் பதிலாகப் பிளவு போட்ட அலுமினிய கிளாம்ப் வைத்தேன். மேலும் கீழுமாக நீண்டு கிடந்த குரூப், அதாவது இலக்கில் விழுந்த துளைகளின் கூட்டம், உருண்டையாகிவிட்டது. நாலு வருடம் ஆகிறது, அசையவில்லை. இந்த லேத் கொடுத்த சந்தோஷத்தில் பாதி அந்தத் தண்டில் இருக்கிறது.

சைட் உயர்த்தும் கட்டைகளும் செய்தேன், முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. இரண்டும் ஒரே அளவுக்குத் தவறாக வந்ததால் ஒன்றும் குடிமுழுகவில்லை. சைட் மாட்டும் ரெயிலுக்கு 11 மில்லி டவ்டெய்ல் (பக்கங்கள் சரிவான ரெயில்) என்று பேர்தான். அகலமும் கோணமும் ஒவ்வொரு தயாரிப்பில் ஒவ்வொரு மாதிரி. சொந்த ரெயிலை அளக்காமல் வெட்டாதீர்கள். அலுமினியத்துக்கு ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் கண்ணாடி மாதிரி வரும். பித்தளைக்கு எதுவும் வேண்டாம், ஆனால் அதன் பொடி ஊசி ஊசியாகத் தெறித்துச் சட்டைப் பையில், செருப்பில், ஒருமுறை தலையணையில்கூட. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் நிற்கவே கூடாது.

பேரல், டிரிகர், 200 பார் காற்று அடைத்த சிலிண்டர் இந்த மூன்றையும் நான் சக்கில் மாட்டுவதில்லை. தம்பிக்கும் அதையே சொன்னேன். அப்புறம், கூட்டுகிற ஒவ்வொரு கிராமும் போட்டி விதியின் 5.5 கிலோவுக்குள் அடங்க வேண்டும்.

அவனுக்கு என் பதில்: வாங்காதே. சீக்பீஸ் தண்டை நாலு வருடம் புகழ்ந்தவன் இப்படிச் சொல்கிறானே என்று அவன் குழம்பியிருப்பான். வேறொரு நாள் கேட்டிருந்தால் வாங்கு என்றுகூடச் சொல்லியிருப்பேன். ஆனால் டேப் நேற்றுதான் மறுபடி உரிந்தது.

அவனுக்கான எடை இப்போது சக்கில்தான் இருக்கிறது. வெளி விட்டத்தில் இன்னும் 0.2 மில்லி எடுக்க வேண்டும். எட்டுக் கோடு. இல்லை, இந்த டயல் ஆரத்தைத்தானே காட்டுகிறது, நாலு.