ஹுமிராவா, பயோசிமிலரா? ஊசி போட்டுக்கொள்பவரின் கணக்கு

குடலில் அழற்சி உண்டாக்கும் கிரோன் நோய்க்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் அடலிமுமாப் ஊசியை லண்டனில் வீட்டிலிருந்தே போட்டுக்கொள்கிறேன். முதலில் அதன் மூல மருந்தான ஹுமிரா, பின்னர் வைத்தியசாலை மாற்றித் தந்த ஒரு பயோசிமிலர் (மூல மருந்தை ஒத்ததாக வேறு நிறுவனங்கள் செய்யும் விலை குறைந்த மருந்து), அது ஒத்துவராததால் இப்போது இன்னொரு பயோசிமிலர். இந்த மூன்றாவதையே நான் விரும்புகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2018 ஒக்டோபரில் ஹுமிராவின் ஐரோப்பியக் காப்புரிமை முடிந்ததும் அம்ஜெவிடா, இம்ரால்டி, ஹூலியோ, ஹைரிமோஸ் என நான்கு பயோசிமிலர்கள் ஒரே வேளையில் சந்தைக்கு வந்தன. அதுவரை இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை இந்த ஒரு மருந்துக்கே ஆண்டுக்கு 40 கோடி பவுணுக்கு மேல் செலவிட்டு வந்தது. ஆனால் மருந்தின் விலையை நோயாளி கொடுப்பதில்லை. ஆகவே மிச்சமான பணத்தால் அவருக்கு நேரடியாகத் திருப்தி வந்துவிடாது. அது வேறோர் இடத்தில், ஊசி தோலில் இறங்கும் அந்தச் சில விநாடிகளில் தீர்மானமாகிறது.

எரிச்சலுக்கு முக்கிய காரணம் கரைசலில் சேர்க்கப்படும் சிட்ரேட் என்ற உப்பு. பழைய ஹுமிராவிலும் அது இருந்தது. பின்னர் வந்த ஹுமிராவில் சிட்ரேட்டை நீக்கி, கரைசலின் அளவையும் 0.8 மில்லிலீற்றரிலிருந்து 0.4 ஆகக் குறைத்து, ஊசியையும் மெல்லியதாக்கினார்கள். அந்தப் புதிய வகைக்குப் பழகிய எனக்கு, சிட்ரேட் உள்ள பயோசிமிலர் தண்டனையாகவே இருந்தது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அரை மணி நேரம் முன்னதாக எடுத்து வைத்தாலும் தொடை எரிந்தது. அதைவிட மோசமானது, ஊசி நாளுக்கு முதல் நாளே தொடங்கிவிடும் தயக்கம். ஒரு மாதத்தில் இரண்டு தடவை தேதியைத் தள்ளிப்போட்டேன். இது வெறும் சௌகரியப் பிரச்சினை அல்ல: ஊசிகளுக்கிடையே இடைவெளி கூடினால் இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்து, உடல் அதற்கு எதிரான பிறபொருளெதிரிகளை உருவாக்கும் வாய்ப்பும் அதிகமாகிறது. சொன்னபோது தாதி சிட்ரேட் இல்லாத பயோசிமிலருக்கு மாற்றித் தந்தார். இதுவும் 0.8 மில்லிலீற்றர்தான், ஊசி இறங்குவது தெரிகிறது, ஆனால் எரிவதில்லை. தேதியைத் தள்ளிப்போடுவதும் நின்றுவிட்டது.

மருந்து நிரப்பி வரும் ஊசிப் பேனாவின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. ஹுமிரா பேனாவில் மேலே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்; சில பயோசிமிலர் பேனாக்களைத் தோலில் வைத்து அழுத்தினாலே மருந்து இறங்கிவிடும். குடல் நோயோடு மூட்டுவலியும் உள்ளவர்களுக்கு இரண்டாவது வகை எளிது.

வேலை செய்யுமா என்பதே பலரின் முதற் பயம். அடலிமுமாப்பின் வகையைச் சேர்ந்த இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை வைத்து நோர்வேயில் 482 பேரிடம் நடந்த நோர்-சுவிட்ச் ஆய்வில், 52 வாரங்களில் மூல மருந்தில் தொடர்ந்தோரில் 26 விழுக்காட்டினருக்கும் பயோசிமிலருக்கு மாறியோரில் 30 விழுக்காட்டினருக்கும் நோய் முற்றியது. முன்கூட்டியே வகுத்த எல்லைக்குள் அந்த வேறுபாடு அடங்கியது. கிரோன் நோயாளிகளை மட்டும் பார்த்தால் இடைவெளி பெரிதாகத் தெரிந்தது உண்மை. ஆனால் அத்தனை சிறு குழுவைத் தனியே அளக்க அந்த ஆய்வு வகுக்கப்படவில்லை. தொடர்ந்து கண்காணித்தபோது அந்த இடைவெளி நிலைக்கவுமில்லை. "மட்டமான மருந்தைத் தருகிறார்கள்" என்ற எண்ணமே உபாதையாக மாறுவதும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் என் தொடை எரிந்ததற்கு எண்ணத்தைவிட சிட்ரேட்டே காரணம் என்று நம்புகிறேன், அடுத்து வந்து எரியாமல் இறங்கியதும் பயோசிமிலர்தானே.

என் அனுபவம் கிரோன் நோயோடும் தொடையில் போடும் ஊசியோடும் நின்றுவிடுகிறது. பெருங்குடல் அழற்சி உள்ளவர்கள் இதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளலாம். பயணம் செய்பவர்களுக்கு ஒன்று: ஹுமிராவை 25 பாகைக்கு மேற்படாத வெப்பத்தில் 14 நாள் வரை வெளியே வைக்கலாம், பயோசிமிலர்களில் இக்காலம் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்து வெயிலில் அந்த 25 பாகை எதற்கும் பொருந்தாது. எந்தப் பேனாவானாலும் குளிர்ப் பையோடுதான் போகிறேன்.