கொள்ளுத்தாத்தாவின் அப்பாவுக்கு முந்தியவர்களுக்கு ஏது குடும்பப் பெயர்?

வம்சாவளிச் செயலி ஒன்றை நான்கு வருடமாகப் பயன்படுத்துகிறேன். அதன் சந்தா பாதியாகக் குறைந்திருக்கிறதே, சேரலாமா என்று நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

குடும்ப மரம் வரைவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாரிசில் சித்தப்பா பிள்ளைகள், புதுச்சேரியில் நாங்கள் என எல்லோரும் ஒரே மரத்தில் ஆள் சேர்த்துக்கொண்டே போகிறோம். பழைய படங்களையும் ஏற்றலாம். கொள்ளுத்தாத்தாவின் முகத்தை என் மகன் முதன்முதலில் பார்த்தது அதில்தான்.

என் கோபமெல்லாம் 'குடும்பப் பெயர்' என்ற அந்த ஒரு கட்டத்தின் மேல்தான்.

எங்கள் குடும்பப் பெயர் பிரெஞ்சுச் சொல். அதற்காக எங்கள் மூதாதை யாரும் கப்பலேறி வந்தவரில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, சாதி, மத வழக்கம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் தங்களுக்கென்று ஒரு குடும்பப் பெயரைச் சொல்லிப் பதிய வேண்டியிருந்தது. சிலர் தமிழ்ப் பெயரையே வைத்துக்கொண்டார்கள், சிலர் பிரெஞ்சுப் பெயர் எடுத்தார்கள். இதில் முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' ஆனார். பிரெஞ்சில் வாசல் என்று பொருள். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பாவும் 1882-ல் அப்படி ஒரு பெயரைப் பதிந்தார். அவருக்கு முந்தியவர்களுக்குச் சொந்தப் பெயரும் தகப்பன் பெயரும்தான்.

இது செயலிக்குப் புரியவே இல்லை. மகனுக்கு ஒரு குடும்பப் பெயர், அப்பாவுக்கு வேறு என்றால் 'பிழை' என்று சிவப்பில் காட்டும். போன வாரம் வந்த புதுப்பிப்பு, 1882-க்கு முன்பே இறந்துபோனவர்களுக்கும் அந்தப் பிரெஞ்சுப் பெயரை ஒட்டிவிட்டது. பெண்களுக்கோ கணவன் பெயர். பிரெஞ்சுப் பதிவேட்டில் கல்யாணமான பிறகும் பெண் பிறந்த வீட்டுப் பெயரில்தான் இருப்பாள். புகார் எழுதினேன், பொதுவான நன்றிக் கடிதம் வந்தது. இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

பதிவேடுகளைப் பார்க்க இந்தச் சந்தா தேவையே இல்லை. எக்ஸ்-ஆன்-புரோவான்சில் உள்ள பிரான்சின் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம், புதுச்சேரி, காரைக்கால் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பத்து வருடப் பதிவுகளின் பெயர்களைத் திரட்டித் தரும் பத்தாண்டு அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். நம் பெயர்களின் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் மட்டும் பழக வேண்டும். முருகனில் வரும் ஒவ்வொரு 'உ'வுக்கும் ஓ (o), யு (u) என இரண்டு எழுத்து இருக்கும். பிள்ளை 'பூலே' ஆகியிருக்கும். ஒரே ஆளை மூன்று பதிவில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள்.

அப்படித்தான் 1876-ஆம் வருடத்துப் பிறப்புப் பதிவு ஒன்றில், இவர் நம் ஆள்தானா என்று தெரியாமல் நாள் கணக்காகத் திண்டாடினேன். அப்புறம்தான் பக்கத்தின் அடியைப் பார்த்தேன். குழந்தையின் தகப்பனார் தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். புள்ளியில்லாத பழைய எழுத்து, கொஞ்சம் சாய்ந்து. மேலே எழுத்தர் என்ன எழுதியிருந்தால் என்ன, அவர் பெயர் அங்கே இருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தப் பெயரின் மேல்தான் செயலி வேறொன்றை எழுதியது. ஆகவே, பாதி விலைக்கும் வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். என் சந்தா மார்ச்சில் முடிகிறது. அதற்குள் இருநூறு பேரையும் ஒரு நோட்டில் எழுதி முடிக்க வேண்டும்.