கடல் தெரியுது, பேப்பர் தெரியல: ஒரு புரோக்கர் ஆபீஸ் அனுபவம்

திருவனந்தபுரத்தில் கடற்கரைப் பக்கம் வீடு பார்க்க களியக்காவிளையிலிருந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் வந்தோம். காட்டியது ஒரு புரோக்கர் ஆபீஸ், பெயர் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்கே வண்டி அனுப்பினார்கள், தமிழ் பேச பாறசாலைக்காரப் பையன் ஒருவன் கூடவே வந்தான், சொன்ன நேரத்துக்குச் சாவி கையில் இருந்தது. அதற்கெல்லாம் தாராளமாக மார்க் போடலாம்.

பேப்பர் என்று வந்ததும்தான் இழுவை. எங்களுக்குப் பிடித்தது நாலரை சென்ட்டில் ஒரு பழைய வீடு, மொட்டை மாடியில் நின்றால் கடல்தான். "முப்பது வருஷ வில்லங்கம் எடுத்தாச்சு சார், கிளீன்" என்றான் பையன். நம் ஊரிலும் இதே நினைப்புதானே, வில்லங்கம் சுத்தம் என்றால் எல்லாம் சுத்தம். ஆனால் அதில் வருவது பதிவான விற்பனை, அடமானம் மாதிரி சங்கதிகள்தான், வீடு அனுமதி வாங்கிக் கட்டியதா என்பதை அது சொல்லாது. வீட்டு வரி ரசீதைக் கேட்டேன். இரண்டு தடவை கேட்ட பிறகு வாட்ஸ்அப்பில் வந்தது, பெரிதாக்கிப் பார்த்தால் வீட்டு எண்ணோடு 'யு.ஏ.' என்று இரண்டெழுத்து. அனுமதி இல்லாத கட்டடத்துக்கு வரி வசூலிக்க கேரளாவில் கொடுக்கிற எண் அது.

"அதான் வரி கட்டுறாங்களே சார், அப்புறம் என்ன?"

கொச்சி பக்கம் மரடில் கடலோர விதியை மீறிக் கட்டிய அந்த நான்கு ஃபிளாட் வளாகங்களில் குடியிருந்தவர்களும் வரி கட்டியவர்கள்தான் தம்பி என்றேன். 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

சரி, இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டிக்கோங்க என்று அடுத்த யோசனை. நகரத்துக் கடலோரத்தில் புதுக் கட்டடம் என்றால், ஏற்கெனவே இருக்கிற சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ உள்பக்கமாகத்தான் வர வேண்டும். இந்த வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மணலும் நாலு தென்னையும்தான்.

புது பெயின்ட் வாசம் போகாத ஜன்னல் கம்பியைப் பிடித்தேன், உள்ளங்கையில் துருப்பொடி. உப்புக்காற்றை பெயின்ட் எத்தனை நாள் மறைக்கும்? எங்கள் மாமாவும் கடல் தெரிகிற ஃபிளாட் விலை ஏறிக்கொண்டேதான் போகும் என்று ஆளில்லாமல் பூட்டிப் போட்டார், விற்கப் போனபோது வந்தவர்கள் எல்லாரும் முதலில் பார்த்தது கிரில்லைத்தான்.

பதிவுச் செலவு எட்டு சதவீதம் என்றார்கள். அது முத்திரைத் தீர்வை மட்டும், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி, ஆகப் பத்து. கமிஷன் விற்பவர் கொடுப்பார் என்று நினைத்துப் போயிருந்தேன், எங்களிடமும் கேட்டார்கள்.

ஐந்துக்கு இரண்டரை, அதில் இரண்டு அந்த வண்டிக்கும் பையனுக்கும். நேற்றும் போன் பண்ணினான், கோவளம் பக்கம் ஒன்று வந்திருக்கிறதாம். போட்டோ வேண்டாம், வரி ரசீதை அனுப்பு என்றேன். இன்னும் வரவில்லை.