ஆஃபீஸ் ஸ்பேஸ்: பெஞ்சில் இருந்தவள் பார்வையில்

2000 மார்ச்சில் எனக்கு ஆபீசில் ஒரு வேலையும் இல்லை. ஐடி பாஷையில் பெஞ்ச். எட்டே காலுக்கு கம்பெனி பஸ், ஒன்பதுக்கு அட்டையைத் தேய்த்து உள்ளே போவது, பதினொன்றுக்கு டீ, ஒரு மணிக்கு டிபன் பாக்ஸ். சாயங்காலம் டைம்ஷீட்டில் அந்த எட்டு மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று யோசிப்பதுதான் அன்றைய ஒரே உழைப்பு. அப்போது எங்கள் டீம் பையன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த விசிடியில்தான் 'ஆஃபீஸ் ஸ்பேஸ்' படத்தை முதலில் பார்த்தேன். வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டுக் கூடத்தில், பாய் விரித்து, ஏழு பேர். போன வாரம் மறுபடி பார்த்தேன். அதனால்தான் இது.

மைக் ஜட்ஜ் எழுதி இயக்கி 1999 பிப்ரவரியில் வந்த படம். சுமார் ஒரு கோடி டாலர் செலவு. தியேட்டர் வசூல் அதைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். பிறகு வீடியோவிலும் டிவியிலும் பார்த்துப் பார்த்தே ஜனங்கள் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். யார் அந்த ஜனங்கள் என்று கேட்க வேண்டியதில்லை. சனிக்கிழமை ஆபீசுக்குப் போனவர்கள்.

நாயகன் பீட்டர் (ரான் லிவிங்ஸ்டன்) இனிடெக் என்ற கம்பெனியில் புரோகிராமர். என்ன வேலை என்று ஒரு பெண்ணிடம் விளக்க ஆரம்பிக்கிறான்: பேங்க் சாஃப்ட்வேரில் இடத்தை மிச்சப்படுத்த வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவிட்டார்கள், 1998 என்பதற்கு 98 என்று, ஆயிரக்கணக்கான வரிகளில் அதைத் தேடித் திருத்துவதுதான் என் வேலை... சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கே அலுத்து, விடு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்கிறான். கூடத்தில் ஏழு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். ஒய்2கே! (2000 பிறந்ததும் கம்ப்யூட்டர் 00 என்பதை 1900 என்று எடுத்துக்கொண்டு குழம்பிவிடும் என்ற பயம்.) அது எங்கள் வேலை! பீட்டர் அமெரிக்காவில் திருத்தியதை நாங்கள் சென்னையில் திருத்திக்கொண்டிருந்தோம். நான் ஒன்றரை வருஷம் கோபால் (COBOL) என்ற பழைய கம்ப்யூட்டர் மொழி நிரலில் தேதி தேதியாகத் தேடி, 00 முதல் 49 வரை வந்தால் இரண்டாயிரம், 50 முதல் 99 வரை வந்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று கணக்குப் போட்டு எழுதியவள். 1999 டிசம்பர் 31 ராத்திரி முழுக்க ஆபீசில் உட்கார வைத்தார்கள். மணி பன்னிரண்டு அடித்தது. எதுவும் ஆகவில்லை. கேக் வெட்டினார்கள். நாங்கள் ஒழுங்காக வேலை பார்த்ததால்தான் எதுவும் ஆகவில்லை என்பதை இன்றுவரை என் வீட்டில் யாரும் நம்புவதில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். அறிக்கை ஒன்றுக்குப் புது மேலட்டை வைக்க பீட்டர் மறந்துவிடுகிறான். அதைச் சொல்ல ஒரு மேலதிகாரி வருகிறார். அவர் நகர்ந்ததும் இன்னொருவர் வந்து அதையே சொல்கிறார். அப்புறம் போன். மொத்தம் எட்டு மேலதிகாரிகள் அவனுக்கு. இதை மிகைப்படுத்தல் என்று நினைப்பவர், சிஎம்எம் லெவல் 5 என்ற மென்பொருள் தரச் சான்றிதழுக்காகத் தவம் கிடந்த சென்னைக் கம்பெனி எதிலும் அந்தக் காலத்தில் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம். எங்கள் படிவத்தின் அடியில் பதிப்பு எண் 1.2 என்று இருந்தது, 1.3 என்று இருக்க வேண்டும். டீம் லீட் வந்து சொன்னார், புராஜெக்ட் மேனேஜர் வந்து சொன்னார், குவாலிட்டிக்காரர் மூன்றாவதாக வந்து அந்த எண்ணைச் சிவப்பு மையில் வட்டமே போட்டுவிட்டுப் போனார். திருத்திய நிரல் சரியாக ஓடுகிறதா என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

கேரி கோல் நடித்திருக்கும் பில் லம்பர்க் என்ற மேலதிகாரிதான் படத்தின் உச்சம். மனுஷன் ஒரு தடவை கூடக் கத்துவதில்லை. காபிக் கப்பும் கையுமாக வந்து, தடுப்பின் மேல் சாய்ந்து, வார்த்தைகளை இழுத்து இழுத்து, சனிக்கிழமை கொஞ்சம் வந்தால் நன்றாயிருக்கும் என்பார். இரண்டு எட்டு நடந்து, மறந்தே போனேன் பார் என்பதுபோலத் திரும்பி, ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துவிடுவார். நம் சினிமாவில் முதலாளி என்றால் மேஜையைத் தட்ட வேண்டும், ஃபைலைத் தூக்கி எறிய வேண்டும். எனக்கு வாய்த்தவர்கள் யாரும் ஃபைலை எறியவில்லை. "ஒண்ணும் அவசரமில்லம்மா, திங்கக்கிழமை காலைல இருந்தாப் போதும்" என்பார் எங்கள் லீட், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு, சிரித்த முகத்தோடு. அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? கோபப்பட இடமே தராத அந்த மரியாதையை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த இன்னொரு நகைச்சுவைப் படம் நான் பார்த்ததில்லை.

சமீர் (அஜய் நாயுடு) என்ற பாத்திரத்தின் குடும்பப் பெயரை யாருக்கும் சொல்ல வராது. கதையில் அது சின்ன விஷயம், எங்களுக்குச் சொந்த விஷயம். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்ததில் என் அப்பா பெயர் எனக்குக் கடைசிப் பெயராகிவிட்டது. கிளையன்ட் போனில் என்னைக் கோதண்டராமன் என்று கூப்பிட முயன்று, முடியாமல், கடைசியில் 'கோ' என்று நிறுத்திக்கொண்டார். கோ என்றால் அரசன் என்று அவருக்கு யார் சொல்வது.

குறைகள் உண்டு. பீட்டரை மயக்கத்தில் ஆழ்த்திய மனவசிய வைத்தியர் பாதியில் செத்துப்போய், பீட்டர் அந்த மயக்க நிம்மதியிலேயே தங்கிவிடுவதும், ஆபீஸ் மேஜையில் மீன் அறுப்பதும், ஜன்னலை மறைக்கும் தடுப்பைக் கழற்றிச் சாய்ப்பதும், ஆட்குறைப்புக்கு வந்த ஆலோசகர்கள் அவனுக்கே பதவி உயர்வு தருவதும் வரை படம் பறக்கிறது. அதற்குப் பிறகு கம்பெனி கணக்கிலிருந்து ஒரு சென்ட்டுக்கும் குறைவான சில்லறைப் பின்னங்களைத் திருடும் கதை ஒன்று நுழைகிறது. பாதி ஆபீஸ் காணாமல் போகிறது. ஜெனிஃபர் அனிஸ்டனையும் வீணடித்திருக்கிறார்கள். அவள் பரிமாறும் உணவகத்தில் சீருடைமேல் குறைந்தது 15 அலங்காரப் பொத்தான்கள் குத்த வேண்டும் என்பது விதி. 15 குத்தினால், குறைந்தபட்சம் மட்டும்தான் செய்வாயா என்று மேனேஜர் கேட்பார் (அந்த மேனேஜராக நடித்திருப்பது இயக்குநரேதான்). அந்தப் பெண்ணின் கதையையே ஒரு படமாக எடுத்திருக்கலாம். கடைசியில் பீட்டர் கட்டட வேலைக்குப் போய் மண்வெட்டியோடு நிம்மதியாக நிற்பதும் எனக்கு ஒட்டவில்லை. சித்தாள் வேலை பார்க்கும் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு இந்தக் காட்சியை எடுத்திருக்க வேண்டும்.

89 நிமிஷம்தான். முதல் பாதிக்கு பத்துக்கு ஒன்பது, மீதிக்கு ஆறு போடுவேன். கெட்ட வார்த்தை தாராளம், பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள். வெயில் வெட்டவெளியில் பிரிண்டரை அடித்து நொறுக்கும் காட்சிக்காக மட்டும் ஒரு தடவை தனியாகப் பார்க்கலாம். எழுத்து எழுத்தாகப் பிழைச் செய்தி காட்டும் மெஷினோடு மல்லுக்கட்டிய எவருக்கும் அது சாமி தரிசனம். சப்டைட்டில் கட்டாயம், மில்ட்டனுக்காக.

மில்ட்டன் (ஸ்டீஃபன் ரூட்) தடித்த கண்ணாடி போட்டு முணுமுணுக்கும் ஆள். அவர் மேஜையை நகர்த்தி நகர்த்திக் கடைசியில் அடித்தளத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். பிறந்தநாள் கேக் எல்லோருக்கும் போய் அவருக்கு மட்டும் கிடைப்பதில்லை. அவருடைய சிவப்பு ஸ்டேப்ளரையும் எடுத்துக்கொள்கிறார்கள். (ஸ்விங்லைன் கம்பெனி அப்போது சிவப்பில் ஸ்டேப்ளரே செய்யவில்லை. படத்துக்காகப் பெயின்ட் அடித்தது. ஜனங்கள் கேட்டுக் கேட்டு, 2002இல் நிஜமாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.) மில்ட்டனை ஐந்து வருஷத்துக்கு முன்பே வேலையை விட்டு எடுத்தாயிற்று. அவரிடம் யாரும் சொல்லவில்லை. சம்பளப் பிரிவில் ஏதோ கோளாறு, சம்பளம் வந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆலோசகர்கள் கோளாறைச் சரிசெய்கிறார்கள். அப்போதும் அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் பெஞ்சிலும் ஒரு அண்ணன் இருந்தார். மெயின்ஃப்ரேம் ஆள், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். ஜன்னல் ஓரத்திலிருந்து பேன்ட்ரி பக்கம், அங்கிருந்து யுபிஎஸ் ரூம் வாசல் என்று மூன்று தடவை இடம் மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் தன் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போவார். முதுகுப்பக்கம் ஒயிட்னரால் தன் பெயரை எழுதி வைத்திருந்தார். அன்றைக்கு வேளச்சேரிக் கூடத்தில் அவரும் இருந்தார். மில்ட்டன் வரும்போதெல்லாம் எங்கள் எல்லோரையும்விட அவர்தான் சத்தமாகச் சிரித்தார்.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை நாற்காலி மட்டும் இருந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு நான் அதை என் இடத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தேன். நல்ல நாற்காலி, லீவர் ஒழுங்காக வேலை செய்யும். ஒயிட்னர்தான் லேசில் போகவில்லை.