57 கிலோவில் நிற்பது: தராசு, டேப், செயலி – நீண்ட கால அனுபவம்

எடை குறைக்க உதவும் பொருட்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களிலேயே எழுதிவிடுகிறார்கள். எடை இறங்கிக்கொண்டிருக்கும் காலம் அது. எந்தக் கருவியும் நல்ல கருவியாகத்தான் தெரியும். இறங்கிய எடை மறுபடி ஏறாமல் இருக்க அதே கருவி உதவுகிறதா என்பதைச் சொல்ல ஆண்டுக் கணக்கில் பயன்படுத்தியிருக்க வேண்டும். நான் 74 கிலோவிலிருந்து 57 கிலோவுக்கு வந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. எடை இன்னும் அங்கேதான் நிற்கிறது. வீட்டில் ஒரு டிஜிட்டல் எடைத் தராசு, சமையலறைத் தராசு, தையல் டேப், கைப்பேசியில் ஒரு கலோரிச் செயலி, ஒரு கோடு போட்ட நோட்டு ஆகியவை இருக்கின்றன. இவற்றில் எது தேறியது, எது தேறவில்லை என்பதே இந்தப் பகிர்வு.

எங்கள் குடும்பத்துக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. வெள்ளியை நிறுத்துக் கொடுப்பது, கொலுசாகத் திரும்பி வரும்போது நிறுத்து வாங்குவது, சேதாரக் கணக்கு எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்தே பார்க்கும் வேலை. வயது 46, உயரம் 158 செ.மீ. சர்க்கரைப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.1 விழுக்காடு என்று வந்தபோதுதான் குறைக்கத் தொடங்கினேன். இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீடு (BMI, உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் எண்) 23-ஐத் தொட்டாலே அதிக எடை என்று நம் நாட்டு மருத்துவர்கள் கொள்கிறார்கள். என் உயரத்துக்கு அது 57 கிலோவுக்குச் சற்று மேலே வருகிறது. என் இலக்கு எடை அப்படி வந்ததுதான்.

முதலில் உடல் எடைத் தராசு. கண்ணாடி மேற்பரப்பு, கால் படும் இடத்தில் உலோகத் தகடுகள், கொழுப்பு விழுக்காடு, தசை, நீர் என்று பல எண்களைக் காட்டும் வகை. தராசோடு பிழைப்பவள் என்பதால் வாங்கிய அன்றே சோதித்தேன். பட்டறையில் இருக்கும் வணிகத் தராசுக்கு எடையளவுத் துறையின் முத்திரை உண்டு. அதை உரிய காலத்தில் புதுப்பித்தாக வேண்டும். வீட்டுத் தராசுக்கு அப்படி எவரும் வந்து பார்ப்பதில்லை. நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒருமுறை வெறுங்கையோடு ஏறுங்கள். பிறகு 5 கிலோ எடைக்கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். எடைக்கல் இல்லாதவர்கள் ஏதாவது பொருளைக் கடைத் தராசில் நிறுத்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் ஐந்தாக இருந்தால் தராசு நல்ல தராசு.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சில வீட்டுத் தராசுகள் முந்தைய எடையை நினைவில் வைத்திருந்து, சிறிய வித்தியாசம் என்றால் பழைய எண்ணையே திரும்பக் காட்டும். ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரே எண் வருகிறதே, எவ்வளவு துல்லியம் என்று நாம் மகிழ்ந்துபோவோம். 200 கிராம் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஏறிப் பாருங்கள். எண் அசையாவிட்டால் அந்தத் தராசு பழையதைத்தான் ஒப்பிக்கிறது. எடையைக் குறைக்கும் காலத்தில் இது பெரிய குறையில்லை. எடையைக் காக்கும் காலத்தில் நாம் கண்காணிப்பதே சில நூறு கிராம் ஏற்ற இறக்கத்தைத்தான் என்பதால் இது மிகப் பெரிய குறை. என் தராசு இதில் தேறியது. தரை மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும். பாய், மிதியடி மேல் வைத்தால் எண் மாறிவிடும்.

கொழுப்பு விழுக்காடு காட்டும் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இந்தத் தராசுகள் பாதம் வழியாக மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உடலின் மின்தடையை அளந்து, உயரம், வயது, பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சூத்திரத்தால் கொழுப்பைக் கணக்கிடுகின்றன. உடலில் நீர் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு மாறும். வெயிலில் நடந்துவிட்டு வந்து ஏறினால் ஒரு எண், இரவில் நன்றாகத் தண்ணீர் குடித்துப் படுத்தெழுந்து ஏறினால் வேறொரு எண். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வகைத் தராசில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். பாட்டி, மருமகள் எல்லாரும் புழங்கும் வீட்டில் இதைச் சொல்லி வைப்பது அவசியம்.

இலக்கை அடைந்த முதல் சில வாரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் நழுவிப்போகும் இடம் அதுதான். 57 வந்த அன்று செயலி வாழ்த்துச் சொன்னது. மறுநாளும், எடை குறைக்கும்போது இருந்த அதே 1,350 கலோரிக் கணக்கைத்தான் காட்டியது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. வீட்டில் மாமியார், “இறங்கிய எடை இறங்கியதுதானே கண்ணு, இனியும் எதற்கு அளந்து அளந்து சாப்பிடுகிறாய்?” என்று கேட்டார். “ஏறவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் அத்தை” என்றேன். கேட்டவர் வாஞ்சையோடுதான் கேட்டார். ஆனால் உறவினர் யாரும் எடை குறைத்தவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று மனதார வேண்டுகிறேன். உடல் அந்த நேரத்தில் பழைய எடைக்குத் திரும்பத்தான் எல்லா வேலையும் செய்துகொண்டிருக்கிறது.

இது வெறும் எண்ணம் இல்லை. 2011-இல் மெல்போர்னில் பிரியா சுமித்ரன் குழுவினர் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்து எடை குறைக்கச் செய்தார்கள். ஓராண்டு கழித்தும் பசியோடு தொடர்புடைய ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை, பசி உணர்வும் கூடுதலாகவே இருந்தது. 2016-இல் கெவின் ஹால் குழுவினர் அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தார்கள். சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் செலவிடும் ஆற்றல், அந்த உடல் அளவுக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. அது மிகக் கடுமையாக, வேகமாகக் குறைத்தவர்களின் நிலை. எல்லாருக்கும் அவ்வளவு வராது. என்றாலும் எடை திரும்பி வந்தவர்களைப் பார்த்து “வாயைக் கட்டத் தெரியவில்லை” என்று பேசுவது எவ்வளவு அநியாயம் என்பதை இந்த இரண்டு ஆய்வுகளும் எனக்குப் புரியவைத்தன.

எனக்கு உணவு ஆலோசனை சொன்னவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நூறு நூறு கலோரியாகக் கூட்டச் சொன்னார். நூறு கலோரி என்பது எவ்வளவு சிறியது என்று சமையலறைத் தராசுதான் காட்டியது. வறுத்த நிலக்கடலை 18 கிராம் போதும். கடலை எண்ணெய் என்றால் 11 கிராம், அவ்வளவுதான். தோசைக்கல்லில் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினால் ஒரு தோசையிலேயே அது போய்விடும். நான் முதலில் கூட்டியது மதியத்தில் பருப்பும் முட்டையும், மாலையில் கடலையும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தானியங்களிலிருந்து கிடைக்கும் ஆற்றல் மொத்தத்தில் 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறது. நம் வீட்டுத் தட்டில் சோற்றின் பங்கு அதைவிட அதிகம் என்பதை ஒரு வாரம் நிறுத்துப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும். இப்படிக் கூட்டிக்கொண்டே போய் 1,750 கலோரிக்கு அருகில் எடை நிலைத்தது.

சோற்றைக் கொஞ்சம் கூட்டியவுடன் எடை ஒரு கிலோவுக்கு மேல் ஏறியது. இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. மாவுச்சத்தை உடல் கிளைகோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரையும் சேர்த்தே வைக்கிறது. குறைந்த உணவில் காலியான இருப்பு நிரம்புகிறது, அவ்வளவே. ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். கல்யாண விருந்துக்கு மறுநாள் தராசு ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டினால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரே விருந்தில் பதினோராயிரம் கலோரிக்கு மேல் யாராலும் கூடுதலாகச் சாப்பிட முடியாது. பெரும்பகுதி உப்பும் நீரும்தான். நான்கைந்து நாளில் இறங்கிவிடும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் இதேபோல் ஏறும். அதனால் நான் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதில்லை. போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுகிறேன். எந்தச் செயலியும் எனக்கு இப்படிக் காட்டியதில்லை. நோட்டில் கோடு போட்டு நானே எழுதிக்கொள்கிறேன்.

நோட்டில் எழுதும் முறை எளிது. காலைக் கடன் முடித்து, எதுவும் குடிக்கும் முன் எடை. வார முடிவில் சராசரி. அந்தச் சராசரி 56-க்கும் 58.5-க்கும் இடையில் இருந்தால் எதையும் மாற்ற மாட்டேன். 59-ஐத் தொட்டால் ஒரு வாரம் சமையலறைத் தராசும் செயலியும் வெளியே வரும், எண்ணெயை அளந்து ஊற்றுவேன், மாலை நொறுக்குத்தீனி நிற்கும். பெரும்பாலும் எண்ணெயிலும் இரண்டாவது காபியின் சர்க்கரையிலும்தான் விடை கிடைக்கும். 55.5-க்குக் கீழே போனாலும் இதே கவனம் வேண்டும், அப்போது கூடுதலாகச் சாப்பிட வேண்டும். கீழ் எல்லையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குறைத்துக் குறைத்துப் பழகிய கைக்கு இன்னொரு கரண்டி சோறு போடவே பயமாக இருக்கும். அந்தப் பயத்துக்கு எழுதி வைத்த ஓர் எண் நல்ல மருந்து.

அமெரிக்காவில் 1994-இல் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் இருவரும் தொடங்கிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு ஒன்று இருக்கிறது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஓராண்டாவது அதைக் காத்தவர்கள் மட்டுமே அதில் சேர முடியும். அவர்களில் நான்கில் மூன்று பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். தாமாக முன்வந்து சேர்ந்தவர்களின் கணக்கு என்பதால் எடை பார்த்ததால்தான் எடை நின்றது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. என்னளவில், எடை பார்க்கும் பழக்கத்தை விட்டிருந்தால் ஏறுவது புடவை ரவிக்கை இறுகும்போதுதான் தெரிந்திருக்கும். அப்போது மூன்று நான்கு கிலோ ஏறியிருக்கும். அதே சமயம், தராசில் ஏறினாலே மனம் வாடி அன்றைய சாப்பாட்டை வெறுப்பவர்கள் தினமும் எடை பார்க்க வேண்டாம். அவர்களுக்கு டேப் போதும், தேவையானால் மருத்துவரிடம் பேச வேண்டும்.

டேப் இங்கே எல்லாவற்றையும்விட விலை குறைவு, மதிப்பு அதிகம். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது என்பது இந்தியர்களுக்கான எல்லை. எடை அப்படியே இருந்தும் என் இடுப்பு இன்னும் இரண்டு செ.மீ. குறைந்தது, வாரம் இருமுறை டம்பெல் தூக்கத் தொடங்கிய பிறகு. தராசு அதைச் சொல்லவே இல்லை, டேப் சொன்னது. நடை கன்னங்குறிச்சியில் மூக்கனேரி ஏரிப் பக்கம். ஏரிக்குள் இருக்கும் மண்திட்டு மரங்களில் பறவைகள் அடையும் நேரமாகப் பார்த்துப் போனால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. எப்போதாவது ஏற்காடு போனால் ஏரியிலிருந்து பகோடா முனை வரை ஏறி இறங்கி நடக்கிறோம். முழங்கால் வலி உள்ளவர்கள் மேட்டில் ஏறும்போது காட்டும் கவனத்தைவிட இறங்கும்போது கூடுதல் கவனம் காட்ட வேண்டும்.

செயலியைத் தினமும் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டேன். குறைக்கும்போது எனக்குச் சாப்பாட்டின் அளவைக் கற்றுக்கொடுத்தது அதுதான், அந்த நன்றி இருக்கிறது. ஆனால் ஒரே தோசைக்கு நான்கு விதமான கலோரி காட்டுகிறது. தட்டுவடை செட் (தட்டைகளுக்கு நடுவே சட்னியும் துருவிய காய்கறியும் வைத்த சேலத்து நொறுக்குத்தீனி) என்று தேடினால் எதுவுமே வருவதில்லை. சேலத்தில் இருந்துகொண்டு தட்டுவடை செட்டைக் கணக்கில் சேர்க்காமல் எந்த உணவுத் திட்டமும் ஓர் ஆண்டு தாங்காது. சனிக்கிழமை மாலை ஒரு தட்டு, நிம்மதியாகச் சாப்பிடுகிறேன். ஆடித் திருவிழாவுக்குக் கோட்டை மாரியம்மன் கோயில் கூழ், மாம்பழக் காலத்தில் மல்கோவா, இரண்டையும் விலக்கியதில்லை. அரைக் கிலோ மல்கோவாவில் சதை மட்டும் 300 கிராம் என்றாலும் 200 கலோரிக்குள்தான் வரும், அன்று மாலைக் கடலையை விட்டால் போதும். தீபாவளி வாரம் மட்டும் எடையை எழுதுவேன், சராசரி போட மாட்டேன்.

கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் முதலில் டேப், பிறகு சாதாரண எடைத் தராசு, பிறகு சமையலறைத் தராசு என்ற வரிசையில் வாங்கலாம். செயலிக்கு இலவச வகையே போதும், கட்டண வகையில் எனக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. பேட்டரி தீரும் நேரத்தில் தராசு தாறுமாறாகக் காட்டும். திடீரென்று எண் குதித்தால் சாப்பாட்டைக் குறைக்கும் முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அண்மைப் பரிசோதனையில் என் சர்க்கரைச் சராசரி 5.6. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதையும் அதே நோட்டில் எழுதி வருகிறேன்.