முக்கா ஹெட் போகிறவர்கள் கவனத்துக்கு: திரும்பும் படகுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்

பள்ளி விடுமுறைக்குப் பினாங்கு வரும் குடும்பங்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

போன வாரம் கிள்ளானிலிருந்து மாமா வந்திருந்தார். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், வயது 68. பத்து மவுங் மலைக்கோட்டையையும் முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. லிட்டல் இந்தியாவில் ஒருவர், நம்மவர்தான், "அண்ணே, ரெண்டையும் ஒரே நாள்ல காட்டிடுறேன். வேன், போட்டு, விளக்கம் எல்லாம் சேர்த்து ஆறு பேருக்கு 600 வெள்ளி" என்றார். தமிழில் பேசியதால் நம்பி, முழுப் பணத்தையும் அவருடைய சொந்தக் கணக்குக்கு அனுப்பிவிட்டேன்.

கோட்டை தீவின் தென்கிழக்கில், முக்கா ஹெட் வடமேற்கு முனையில். எட்டு மணிக்கு வரவேண்டிய வேன் பதினொன்றரைக்கு வந்தது. "கோட்டை இன்னைக்கு மூடியிருக்கு" என்று, முக்கா ஹெட் இருக்கும் தேசியப் பூங்காவின் வாசலான தெலுக் பகாங்குக்கு நேரே கொண்டுபோனார். பிறகு விசாரித்தால், அன்று திறந்துதான் இருந்திருக்கிறது. தேசியப் பூங்கா அலுவலகத்தில் பெயர் பதியவும் விடவில்லை. நாங்கள் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது.

குரங்குக் கடற்கரையில் இறக்கிவிட்டு, "விளக்கு பத்து நிமிஷ நடை, ஜப்பான்காரன் கட்டினது" என்றார். மாமா, "இல்லை தம்பி, 1883ல வெள்ளைக்காரன் கட்டினது. ஜப்பான்காரன் வந்தது 1941 டிசம்பர்ல" என்றார். பத்து நிமிடமும் பொய். ஒரு கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தான ஏற்றம். பாதியில் மாமாவுக்கு மூட்டு வலி வந்துவிட்டது. ஒரு பெரிய கருங்கல் பாறையில் உட்கார்ந்து அதை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். வெயிலில் கருப்பு மைக்கா துகள்கள் மின்னின. பூமிக்கடியில் உருகிய குழம்பு மெல்ல ஆறி இறுகி இப்படி ஆகி இருபது கோடி வருடம் ஆகியிருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். விளக்கம் என்று அன்று கிடைத்தது அது ஒன்றுதான்.

ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்ன படகு வரவில்லை. அந்த ஆளின் போனும் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. இருட்டும் நேரத்தில் வேறொரு படகுக்காரர் 200 வெள்ளிக்கு ஏற்றிவந்தார். சின்னவள் வழி முழுக்க அழுதாள்.

மறுநாள் நாங்களாகவே பத்து மவுங் போனோம். 1930களில் பிரிட்டிஷார் கடலைக் காக்கக் கட்டிய கோட்டை அது. எதிரி வந்ததோ தீபகற்பத்தின் தரைவழியாகவும் ஆகாயத்திலிருந்தும். பதுங்கறைகளை மாமா ஒவ்வொன்றாக நின்று பார்த்தார்.

வழிகாட்டி என்று யார் வந்தாலும் சுற்றுலா அமைச்சின் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பூங்கா அலுவலகத்தில் பெயர் பதிந்துவிட்டே உள்ளே போங்கள். படகுக்காரரிடம் நேரடியாகப் பேசி, அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டு, பாதிப் பணத்தைக் கரை திரும்பிய பிறகு கொடுங்கள்.

போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.