சில்க் மார்க் இருக்கிறது, ஜரிகை? முகூர்த்தப் புடவை வாங்குவோர் கவனத்துக்கு

முகூர்த்தப் புடவைக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். புடவையோடு வரும் சில்க் மார்க் சீட்டு, பட்டு சுத்தமான பட்டு என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். ஜரிகையைப் பற்றி அது வாயே திறக்காது. எங்களிடம் இரண்டே முக்கால் லட்சம் கறந்தவர்கள் பிழைப்பது அந்த இடைவெளியில்தான்.

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு எடுத்த புடவை. சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் 'தனிக் காட்சி', குறிப்பிட்ட சில குடும்பங்களுக்கு மட்டும் என்று அழைப்பு வந்தது. அண்ணன் பெரிய கிளப் ஒன்றில் உறுப்பினர். நம்பர் அந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும். இந்த மாதிரி இடத்தில் கவுண்டர் கிடையாது, கூட்டம் கிடையாது, விலைச் சீட்டும் கிடையாது. வெள்ளி டம்ளரில் காபி. வெள்ளைக் கையுறை போட்ட பையன் புடவையை விரிக்கிறான். பட்டுக்குக் கையுறையாம்! எங்கள் அம்மா முந்தானையைக் கையில் கசக்கிப் பார்க்காமல் ஒரு புடவை வாங்கியதில்லை. நம்மைத் தொடவிடாமல் வைக்கத்தான் அந்தக் கையுறை என்பது என் கணிப்பு. விலையை ஒரு பெண் குனிந்து, காதோடு சொல்கிறாள். சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது "இதில் வெள்ளி எவ்வளவு?" என்று வாய்விட்டுக் கேட்க யாருக்கு மனசு வரும்?

நான் கேட்டேன். "கனம் பாருங்க மேடம். அசல் வெள்ளி ஜரிகை, தங்க முலாம். நாளைக்கு வித்தாலும் வெள்ளி விலை கிடைக்கும், சொத்து மாதிரி" என்றாள். பில்லில் இருந்ததோ 'சில்க் சாரி' என்ற ஒரே வரி.

கனத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. செம்பும் கனம்தான். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளி இழையைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. அடுத்த ரகத்தில் வெள்ளி இழைக்குப் பதிலாக வெள்ளி முலாம் பூசிய செம்பு இழை. அதற்கும் கீழே பாலியெஸ்டர். புதுசில், அதுவும் ஓட்டல் வெளிச்சத்தில், எல்லாம் ஒரே மாதிரி மின்னும்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் பார்டர் மங்க ஆரம்பித்தது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்குத் தெரிந்த தறிக்காரரிடம் எடுத்துப் போனோம். புடவையைத் திருப்பி, ஓரத்தில் பிரிந்து நின்ற ஜரிகை இழை ஒன்றை இழுத்து, நகத்தால் அழுத்திச் சுரண்டினார். "முலாமுக்குக் கீழ இழை வெள்ளையா வரணும்மா. செம்பு, செவப்பா வருது பாருங்க" என்றார். நெசவில் அவர் குறை சொல்லவில்லை. "கோர்வை, அதான் பார்டரை உடம்போட கோத்து நெய்யறது, அருமையான வேலை, ரெண்டு பேர் உட்கார்ந்து நெய்தது. அவங்க கையில குடுத்த ஜரிகைதான் இப்படி." அப்புறம் இயந்திரத்தில் வைத்தும் பரிசோதித்தோம். பெயருக்குத்தான் வெள்ளி, மற்றதெல்லாம் செம்பு.

கடைக்குப் போன் செய்தால், "நாங்க டெஸ்டட் ஜரிகைன்னுதானே சொன்னோம் மேடம்" என்கிறார்கள். அன்றைக்கு அந்த வார்த்தையே வரவில்லை. வந்திருந்தால் மட்டும் என்ன? சோதித்துத் தேறியது என்றுதான் யாரும் நினைப்பார்கள். புடவை வியாபாரத்தில் அது செம்பு ஜரிகைக்குப் பெயர்! செம்பு ஜரிகைப் புடவை வாங்குவதில் தப்பே இல்லை, செம்பு விலைக்குக் கிடைத்தால். தெருவில் "பழைய பட்டுப்புடவை வாங்குறது" என்று கூவிப் போகிறவரிடம் இந்தச் 'சொத்தை' நீட்டினால், ஓரத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுவார்.

விலை பேசும் முன்பே, "பில்லில் அசல் வெள்ளி ஜரிகை என்று எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். இழுத்தால், காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் பில், வாட்ஸப் அழைப்பு, பரிசோதனைச் சீட்டு மூன்றையும் பத்திரமாக வையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் எதுவும் இல்லை.

எங்களுக்குப் பணம் தர மாட்டார்களாம், அதே தொகைக்கு வேறு புடவை எடுத்துக்கொள்ளலாமாம். முடியாது, முழுப் பணமும் வேண்டும் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.